4 கிலோ நாய், 30 கிராம் கறுப்புச் சொக்லேட்: விடியும்வரை காத்திருக்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான். வெள்ளவத்தையில் மாடிவீடு. 4 கிலோ எடையுள்ள பொமரேனியன். லண்டனிலிருந்து வந்த அக்காவின் சூட்கேஸ் ஹோலில் திறந்து கிடந்திருக்கிறது. அதிலிருந்த 100 கிராம் கறுப்புச் சொக்லேட் ஒன்றை நாய் இழுத்தெடுத்து, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிட்டது. உறையில் 70 வீதம் கொக்கோ என்று போட்டிருக்கிறது. நேரம் இரவு ஒன்பது. பக்கத்து வீட்டு அன்ரி உப்புத் தண்ணீர் பருக்கச் சொல்கிறார். போன நத்தாருக்கும் ஒரு துண்டு சொக்லேட் தின்றது, அப்போது ஒன்றும் ஆகவில்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு, சொக்லேட் நாய்க்கு உண்மையிலேயே நஞ்சா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அதைவிட அவசரமானது: இந்த இரவிலேயே தூக்கிக்கொண்டு ஓட வேண்டுமா, விடியும்வரை பார்த்துக்கொண்டு இருக்கலாமா?

ஓட வேண்டும். நீங்கள் தந்த கணக்குக்கு வேறு பதில் இல்லை. உங்களுக்குத் தெரிந்த மிருக வைத்தியருக்கு முதலில் போன் பண்ணுங்கள், சொக்லேட் உறையையும் மீதியையும் ஒரு பையில் போடுங்கள், நாயைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். இதன் மீதியை ஓட்டோவில் இருந்து வாசிக்கலாம்.

நான் பேராதனையில் மிருக வைத்தியம் படித்துவிட்டுக் கொழும்பில் செல்லப்பிராணிகளைப் பார்க்கத் தொடங்கி இருபது வருடமாகிறது. சொக்லேட் தின்ற நாய்கள் எனக்கு அதிகமாக வருவது ஓகஸ்ட்டிலும் டிசம்பரிலும். வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து இறங்கும் மாதங்கள் அவை. இங்கே வளர்ந்த நாய்க்குச் சூட்கேஸின் மணமே புதிது. எல்லோரும் கதையில் இருப்பார்கள், யாரும் தரையைப் பார்ப்பதில்லை. ஆகவே இதில் உங்கள் கவலையீனம் என்று தனியாக ஒன்றும் இல்லை, மனதை வருத்திக்கொள்ளாதீர்கள்.

இப்போது கணக்கு. சொக்லேட்டில் நாய்க்கு ஆகாத பொருள் தியோபுரோமின். கூடவே கொஞ்சம் கஃபீனும் இருக்கும். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். 70 வீதத்துக்கு மேல் கொக்கோ உள்ள கறுப்புச் சொக்லேட்டில் கிராமுக்கு ஏறத்தாழ 8 முதல் 9 மில்லிகிராம் இருக்கும். 30 கிராமில் சுமார் 260. அதை 4 கிலோ உடம்புக்குப் பகிர்ந்தால் கிலோவுக்கு 65 மில்லிகிராம். நாங்கள் வைத்திருக்கும் எல்லைகள் இவை: கிலோவுக்கு 20 மில்லிகிராமில் சத்தி, வயிற்றோட்டம், அமைதியின்மை தொடங்கலாம், 40, 50 என்று போனால் இதயத் துடிப்புத் தாறுமாறாகும், 60ஐத் தாண்டினால் வலிப்பு வரலாம். உங்கள் நாய் மூன்றாவது படியில் நிற்கிறது.

போன நத்தாருக்கு ஒன்றும் ஆகாததன் காரணமும் இதே கணக்கில்தான் இருக்கிறது. பால் சொக்லேட்டில் கிராமுக்கு 2 மில்லிகிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஒரு சின்னத் துண்டு 5 கிராம் என்று வைத்தால் கிலோவுக்கு 3 மில்லிகிராம்கூட வராது. அன்று உங்கள் நாய் தப்பியது அதன் உடம்பு சொக்லேட்டைத் தாங்கப் பழகியதால் அல்ல. அளவு சிறிது, வகை வேறு. இந்த ஒரு விளக்கத்தைத்தான் நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் "எங்கட நாய் எப்போதும் தின்னும்" என்ற நம்பிக்கையில் காத்திருந்து, நள்ளிரவுக்குப் பிறகு வருகிறவர்கள் பலர். அதேபோல, இதே 30 கிராமை 30 கிலோ லாப்ரடோர் ஒன்று தின்றிருந்தால் கிலோவுக்கு 9 மில்லிகிராம். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நானே சொல்லியிருப்பேன்.

வெள்ளைச் சொக்லேட்டில் இந்த நஞ்சு இல்லை என்றே சொல்லலாம், கொழுப்புத்தான் தொல்லை. எல்லாவற்றையும்விட மோசமானது கேக் செய்ய வாங்கி வைக்கும் இனிப்பில்லாத கொக்கோத் தூள். இரண்டு மேசைக்கரண்டி போதும், உங்கள் நாய் இன்று தின்ற அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். கண்டோஸ், றிட்ஸ்பரி என்று இங்கே கடையில் வாங்கினாலும், சூட்கேஸில் வந்தாலும், பெயரைப் பார்க்காமல் உறையில் கொக்கோ எத்தனை வீதம் என்று பாருங்கள். அதனால்தான் உறையைக் கொண்டுவரச் சொல்கிறேன்.

மனிதருக்கு ஒன்றும் செய்யாதது நாயை ஏன் இப்படி வாட்டுகிறது? நாம் தியோபுரோமினை நாயைவிட வேகமாக உடைத்து வெளியேற்றிவிடுகிறோம். நாயின் ஈரல் அதை மிக மெதுவாகவே உடைக்கிறது. உள்ளே போனதில் பாதி குறையவே 17 மணித்தியாலத்துக்கு மேலாகும். இதற்கிடையில் அது பித்தத்தோடு குடலுக்கு இறங்கித் திரும்பவும் உறிஞ்சப்படுகிறது. சிறுநீர்ப்பையில் தேங்கினால் அங்கிருந்தும் இரத்தத்துக்குத் திரும்புகிறது. ஆகவே சொக்லேட் தின்ற நாயை அடிக்கடி சிறுநீர் கழிக்க வெளியே கொண்டுபோவதும் ஒரு வைத்தியம்தான். ஆஸ்பத்திரியில் சில வேளை இதற்காகவே குழாய் போடுவோம்.

அடுத்தது உப்புத் தண்ணீர். அன்ரி நல்ல மனதோடு சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. நம் வீடுகளில் நெடுநாளாகச் செய்து வந்ததுதான். ஆனால் தயவுசெய்து கொடுக்க வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி உப்பு 18 கிராம் வரை இருக்கும். 4 கிலோ நாய்க்கு அது கிலோவுக்கு 4 கிராமுக்கு மேல், உயிரைக் குடிக்கக்கூடிய அளவு. சத்தி வந்தால் உப்பில் ஒரு பகுதி வெளியே வரும். வராவிட்டால் முழுவதும் இரத்தத்தில் ஏறி மூளையைத் தாக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்ததாக மட்டும் சொல்லவில்லை. தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 5 கிலோ ஸ்பிட்ஸ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பால் சொக்லேட், அதிகம் போனால் 20 கிராம். கணக்குப் பார்த்தால் கிலோவுக்கு 9 மில்லிகிராம், ஒரு வயிற்றோட்டத்தோடு போயிருக்கும். ஆனால் வீட்டில் மூன்று தரம் உப்புக் கரைத்துப் பருக்கியிருக்கிறார்கள், சத்தி வரவில்லை. நான் பார்க்கும்போது நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் கிண்ணத்தில் முகத்தைப் புதைத்தபடி குடித்தது, தலை நிற்கவில்லை, ஒரு பக்கம் ஆடிக்கொண்டே இருந்தது. வீட்டுப் பையன் சொக்லேட் உறையைத் தன் முழங்காலில் வைத்து விரலால் நீவி நீவி நேராக்கிக்கொண்டிருந்தான், அதில்தான் ஏதோ பதில் இருக்கிறது என்பதுபோல. அடுத்த நாள் மதியம் நாய் இறந்துவிட்டது. சொக்லேட் அதைக் கொல்லவில்லை. அந்தப் பையனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் நின்றேன். அவனுடைய அம்மாவிடமும் என்னால் முழுவதும் சொல்ல முடியவில்லை.

பால் கொடுத்தால் நஞ்சு முறியும் என்பதும் சரியில்லை. தேங்காய்ப்பால், எண்ணெய், பச்சை முட்டை எதுவும் தியோபுரோமினைத் தடுக்காது. ஏற்கெனவே கொழுப்பு நிறைந்த வயிற்றில் இன்னும் கொழுப்பைச் சேர்க்கும். தேசிக்காய்ச் சாறும் அப்படியே, பலனில்லை. சிலர் சிரட்டைக்கரியை இடித்துக் கரைத்துக் கொடுக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் நாங்கள் கரி கொடுப்பது உண்மை, அந்தக் கரியைச் சிரட்டையிலிருந்தும் செய்யலாம் என்பதும் உண்மை, நம் நாட்டிலிருந்து ஏற்றுமதியும் ஆகிறது. ஆனால் அது அதிக வெப்பத்தில் நீராவி பாய்ச்சி, நுண்துளைகள் திறக்கப் பக்குவப்படுத்திய கரி. அந்தத் துளைகளில்தான் நஞ்சு ஒட்டும். அடுப்படிக் கரியில் அந்த வேலை நடக்காது. தவிர, துடித்துக்கொண்டிருக்கும் நாயின் வாயில் கரிக் கரைசலை ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும், அது இன்னொரு ஆபத்து. விரலைத் தொண்டைக்குள் விட்டுச் சத்தி எடுக்க வைப்பதும் வேண்டாம். கடிபடுவீர்கள், தொண்டையும் புண்ணாகும்.

ஐதரசன் பெரொக்சைட் பற்றி இணையத்தில் பார்த்திருப்பீர்கள். இது மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது, ஏனென்றால் மருத்துவர்களுக்குள்ளேயே இதில் ஒரே கருத்து இல்லை. ஆஸ்பத்திரி மணிக்கணக்கான தூரத்தில் இருந்தால், போனில் ஒரு மிருக வைத்தியர் நாயின் எடையைக் கேட்டு அளவு சொன்னால், 3 வீதக் கரைசலை ஒரு தடவை கொடுப்பது உண்டு. பெரும்பாலான நாய்களில் அது சத்தி வரவைக்கும். இரைப்பையைப் புண்ணாக்கவும் கூடும், சில நாய்களில் இரத்தமே வரும். எந்தச் சூழலில் லாபம் நட்டத்தை மிஞ்சுகிறது என்பதில்தான் வாதம். பாமசியில் வாங்கும் போத்தலில் 20 வொல்யூம் என்று எழுதியிருந்தால் அது 6 வீதம், இரண்டு மடங்கு பலம். முடிக்குப் பூசுவது அதையும்விடப் பலமாக இருக்கலாம். மூக்குச் சப்பையான பக், ஷிட்சூ போன்றவற்றுக்கும், ஏற்கெனவே நடுங்கும் நாய்க்கும், மயக்கமாக இருக்கும் நாய்க்கும் வீட்டில் சத்தி வரவைக்கவே கூடாது. நான் இங்கே அளவு எழுதவில்லை. வெள்ளவத்தையில் இருக்கும் உங்களுக்கு அது தேவையும் இல்லை. காலி வீதியில் எவ்வளவு நெரிசல் என்றாலும் சத்தி எடுக்க வைக்கும் ஊசி போடும் இடத்துக்கு அரை மணி நேரத்தில் போய்விடலாம். அந்த ஊசி வயிற்றைப் புண்ணாக்காமல் சில நிமிடங்களில் வேலை செய்யும்.

நேரம் முக்கியம் என்பது இதற்காகத்தான். தின்று இரண்டு மணித்தியாலத்துக்குள் சத்தி எடுக்க வைத்தால் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். சொக்லேட் வயிற்றில் பசைபோல உருண்டு கிடக்கும் பொருள் என்பதால் நாலைந்து மணித்தியாலம் கழித்தும் நாங்கள் முயல்வோம், சில வேளை நல்ல பலன் கிடைக்கும். ஆனால் அது அதிர்ஷ்டத்தை நம்பும் வேலை. அடையாளங்கள் பிந்தித்தான் வரும் என்பதை நினைவில் வையுங்கள். முதலில் தண்ணீர் நிறையக் குடிக்கும், ஒரு இடத்தில் இருக்காது, சத்தி எடுக்கலாம். இவை இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்தில் தொடங்கலாம். நடுக்கம், படபடப்பு, வலிப்பு ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகும் வரலாம். ஒன்பது மணிக்கு வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும் நாய் மூன்று மணிக்கு வேறு நாயாக இருக்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருநாள் நள்ளிரவில் வந்த டாஷ்ஹவுண்ட் ஒன்று. எவர்சில்வர் மேசையில் நிறுத்தினால் நாலு கால் நகங்களும் தகரத்தில் மழை விழுவதுபோலச் சத்தம் போட்டன, அவ்வளவு நடுக்கம். காதை வைத்தால் துடிப்பை எண்ணவே முடியவில்லை, ஈசிஜியில் 220 காட்டியது. பெற்றோர் தேத்தண்ணிக்குப் பிறகு நாய் ஒன்றும் தின்னவில்லை என்று சத்தியம் பண்ணினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரியாது. எட்டு வயது மகள் வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். நான் குனிந்து, "பிள்ளை, உன்னை யாரும் ஏச மாட்டினம், நாய்க்கு மருந்து குடுக்கத்தான் கேக்கிறன்" என்று கேட்ட பிறகுதான் பிறந்தநாள் கேக்குக்கு வைத்திருந்த சொக்லேட் கட்டியைச் சொன்னாள். அதுவரை நான் வேறு மூன்று நஞ்சுகளை யோசித்துக்கொண்டிருந்தேன். நாய் இரண்டு இரவு சேலைனில் இருந்து எழுந்து போனது. வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள், ஏசாமல் கேளுங்கள்.

உங்களுக்குப் பயம் வராமல் இருக்க, அங்கே என்ன செய்வார்கள் என்றும் சொல்கிறேன். சத்தி எடுக்க ஊசி, பிறகு தேவையானால் கரி, சிறுநீர் நன்றாகப் போகச் சேலைன், இதயத்துக்கு ஈசிஜி. நடுங்கினால் டயசிபாம், துடிப்பு ஏறினால் அதைக் குறைக்கும் மருந்து. முறிப்பு மருந்து என்று தனியாக ஒன்று கிடையாது. நஞ்சு உடம்பை விட்டுப் போகும்வரை நாயைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. நேரத்தோடு வந்த நாய்களில் மிகப் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. இதை நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. கிளம்பும் முன் போன் பண்ணச் சொன்னது, கிளினிக் திறந்திருப்பது ஒன்று, அந்த நேரத்தில் டொக்டர் இருப்பது இன்னொன்று என்பதால்.

மேலே சொன்ன எண்களை எவ்வளவு நம்பலாம் என்பதையும் சொல்ல வேண்டும். தியோபுரோமின் நஞ்சு, அளவும் எடையும் சேர்ந்தே முடிவு செய்யும், இவை உறுதி. 20, 40, 60 என்ற எல்லைகள் கல்லில் செதுக்கியவை அல்ல. கொக்கோக் கொட்டைக்குக் கொட்டை, கம்பனிக்குக் கம்பனி அளவு மாறும், நாய்க்கு நாய் தாங்கும் சக்தியும் மாறும். இதய நோயுள்ள நாய், வயதான நாய், சினைப்பட்ட நாய் என்றால் எல்லைக்குக் கீழே இருந்தாலும் நான் கூப்பிட்டுப் பார்ப்பேன். மூன்றில் ஒரு பங்கு என்று நீங்கள் சொன்னதும் ஒரு மதிப்பீடுதான், சோபாவுக்கு அடியில் மீதி கிடந்தால் நல்லது. நான் உங்கள் நாயைத் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டுப் பார்க்கும் டொக்டர் இதற்கு மாறாகச் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

உறையில் இன்னும் இரண்டு விஷயம் தேடுங்கள். ஒன்று சைலிடோல் என்ற இனிப்பூட்டி. சீனி வருத்தமுள்ள அம்மம்மாவுக்கு என்று சீனியில்லாத சொக்லேட் கொண்டுவருவார்கள் அல்லவா, அதில் இருக்கலாம். உறையில் ஈ967 என்றும் போட்டிருப்பார்கள். இது நாயின் இரத்தச் சீனியை அரை மணி நேரத்திலேயே விழுத்தும், கால் தள்ளாடும், கிலோவுக்கு 0.1 கிராமே போதும். கூடினால் ஈரலையும் கெடுக்கும். மோல்டிடோல் என்ற இன்னொரு இனிப்பூட்டி மட்டும் இருந்தால் இந்தப் பயம் இல்லை, வயிற்றோட்டம் வரலாம். மற்றது பிளம்ஸ் என்று நாம் சொல்லும் முந்திரிகை வற்றல், அதாவது உலர் திராட்சை. நத்தார் ரிச் கேக்கும் இந்தக் கணக்கில் வரும். சில நாய்களின் சிறுநீரகம் இதனால் செயலிழக்கிறது. எத்தனை வற்றல் என்று எல்லை சொல்ல முடியாது, ஒரு நாய் கைநிறையத் தின்று தப்பும், இன்னொன்று சிலவற்றோடு விழும். டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்று 2021இல் ஒரு விளக்கம் வந்தது, வலுவான விளக்கம் என்றே நினைக்கிறேன். புளியிலும் அதே அமிலம் நிறைய உண்டு என்பதால் புளி உருண்டையையும் நாய்க்கு எட்டாமல் வைக்கச் சொல்கிறேன்.

நடுங்குகிறது, காய்ச்சல்போல இருக்கிறது என்று பெனடோல் (பரசிற்றமோல்) கொடுத்துவிடாதீர்கள். அது இன்னொரு நஞ்சு.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, முதல் நாள் முழுவதும் அமைதியான, வெளிச்சம் குறைந்த அறையில் வையுங்கள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தரம் கீழே கொண்டுபோய்ச் சிறுநீர் கழிக்க விடுங்கள். மாடி இறங்க வேண்டுமே என்று பார்க்காதீர்கள். தூங்கும்போது இடது முழங்கைக்குப் பின்னால், நெஞ்சில் உள்ளங்கையை வைத்து 15 வினாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். ஓய்வில் 180ஐத் தாண்டினால் திரும்பப் போங்கள். நடுக்கம், படபடப்புப் பயம் பொதுவாக மூன்று நாளில் தீரும். அதே மூன்று நாளுக்குள் சத்தி, சாப்பாட்டு மறுப்பு, வயிற்றைத் தொட்டால் முதுகை வளைத்துக் குனிவது என்று ஏதாவது வந்தால் அது கொழுப்பினால் கணையம் வீங்கியதாக இருக்கலாம். ஈயத் தாளையும் சேர்த்து விழுங்கியிருந்தால் அது வெளியே வருகிறதா என்று மலத்தையும் பாருங்கள். டொக்டர் சரி என்ற பிறகு அவித்த கோழியும் சோறும், எண்ணெயும் உப்பும் இல்லாமல், ஒரு தடவைக்கு இரண்டு மேசைக்கரண்டி மட்டும் கொடுக்கத் தொடங்கலாம்.